இந்த நட்டு எந்த வண்டிக்கு?

இந்த வாரம் வந்த தபால்களில் பாதிக்கு மேல் கிரீஸ் வாசனை. போன இதழில் பழைய கார்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியதன் விளைவு. ஆகவே முழுப் பகுதியும் பழைய கார் சாமான் விற்கும் குடும்பக் கடைகளுக்கே. சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும்.

‘ஓட்டை டிக்கி’, தாம்பரம்
கே: பழைய கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு எதிர்காலம் உண்டா?

ப: பழைய கார்களுக்கு உண்டு. கையில் நாலு காசு சேர்ந்ததும் அப்பா ஓட்டிய வண்டிமேல் திடீர்ப் பாசம் பொங்குகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். கடை கதை வேறு. பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பையன் பெங்களூரில் இருக்கிறான், கட்டடம் இன்னொருவருடையது. இந்த மூன்றில் எது முதலில் ஷட்டரை இறக்கும் என்று பந்தயம் வைத்தால் நான் கட்டடத்தின் பக்கம் பணம் கட்டுவேன்.

‘வாடகைவாசி’, திருவல்லிக்கேணி
கே: கார்புரேட்டருக்கும் கடை வாடகைக்கும் என்ன சம்பந்தம்?

ப: சாதாரண ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாமான் வந்த வேகத்தில் போக வேண்டும். பழைய கார் கடையில் தலைகீழ். சாமான் பல வருஷம் தட்டில் தூங்கினால்தான் அதற்கு மதிப்பே வரும். மற்ற கடைகளில் எல்லாம் தீர்ந்துபோன பிறகு இவரிடம் மட்டும் இருப்பதுதானே வியாபாரம்! தூங்குகிற சாமானுக்கும் மாதாமாதம் வாடகை உண்டு. அந்த வாடகை அடிமாட்டு விலைக்கு இருந்த வரைதான் இந்தத் தொழில் நின்றது.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்குக் குடை பிடித்தது. நில உரிமையாளர்–வாடகைதாரர் புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்ததும் குடை மடங்கியது. இப்போது எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தாத்தாவும் தாத்தாவும் வெற்றிலைப் பாக்கு மாற்றிப் பேசி முடித்த வாடகை இனி செல்லாது. வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள், அவருக்கும் பேரன்கள் உண்டு. ஆனால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விற்கும் ஸ்டியரிங் பாக்ஸை வைத்துக்கொண்டு மார்க்கெட் வாடகை கொடுக்கும் கணக்கு எந்த ஆடிட்டருக்கும் வராது.

‘வெளியூர்’, ராசிபுரம்
கே: சென்னைக்கு வந்தால் ஜி.பி. ரோடு போவதா, புதுப்பேட்டை போவதா?

ப: பெட்டி பிரிக்காத சாமான் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு. வண்டி பிரித்த சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. காலையில் காணாமல் போன நம் வண்டியின் சாமானைச் சாயங்காலம் நமக்கே விற்பார்கள் என்ற புதுப்பேட்டை ஜோக்கைத் தயவுசெய்து அங்கே போய்ச் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தது.

‘கூகுள் சாமி’, வேளச்சேரி
கே: எல்லா பார்ட் நம்பரும் நெட்டில் கிடைக்கிறது. பெரியவர் எதற்கு?

ப: சொல்கிறேன், ஒரு நட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முந்தைய மோரிஸ் காரின் என்ஜினிலிருந்து கழற்றியது. விட்வொர்த் ஸ்பேனர் அதில் கச்சிதமாக உட்காரும். இங்கிலீஷ் வண்டி, இங்கிலீஷ் ஸ்பேனர், ஆகவே இங்கிலீஷ் மரை என்று நீங்கள் முடிவு கட்டி ஒரு போல்ட்டை வாங்கிப் போட்டால் இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிடும். காரணம், மரை மெட்ரிக்.

முதல் உலகப் போரில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஆலை போட்டது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலையில்லை, மோரிஸுக்கு என்ஜின் செய்து கொடுத்தது. அங்கிருந்த எந்திரங்கள் மெட்ரிக் மரைதான் வெட்டும். 1923-ல் மோரிஸ் அந்த ஆலையையே வாங்கியும் எந்திரங்களை மாற்றிச் செலவு செய்ய மனம் வரவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் இருப்பதோ இங்கிலீஷ் ஸ்பேனர். எனவே மரை பிரெஞ்சு, தலை இங்கிலீஷ். இந்தக் கலப்புத் திருமணம் 1950-கள் வரை நடந்தது. எம்.ஜி.யின் பழைய ‘டி’ வரிசை கார்களிலும் இதே கூத்துதான்.

இப்போது கடைக்கு வாருங்கள். பெரியவர் நட்டை வாங்குவார். மூக்குக் கண்ணாடியைத் தேட மாட்டார். மேஜைமேல் கிடக்கும் ஒரு போல்ட்டில் வைத்துக் கட்டை விரலால் ஒரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று. நின்றுவிடும். “என்ஜின்ல கழட்டுனதா, சேஸிஸ்ல கழட்டுனதா தம்பி?” என்பார். அதுதான் கேள்வி. சேஸிஸில் இங்கிலீஷ் மரை, என்ஜினில்தான் பிரெஞ்சு. நெட்டில் நாம் கேட்டதற்குப் பதில் வருகிறது. கேட்கத் தெரியாததை அது திருப்பிக் கேட்பதில்லை.

இன்னொன்று: எம்.ஜி.ஏ. 1500-ன் என்ஜினும் நம்மூர் அம்பாசடரின் 1489 சி.சி. என்ஜினும் ஒரே ‘பி சீரீஸ்’ குடும்பம். எது எதற்குச் சேரும், எதைக் கொஞ்சம் சீவினால் சேரும், எதைச் சீவினாலும் சேராது என்பது எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. கடையின் அசல் சரக்கு அதுதான். தட்டில் இருப்பது மிச்சம்.

‘நல்ல பிள்ளை’, கோவை
கே: அப்பா கட்டிக்காத்த கடையை மகன் உதறிவிட்டுப் போவது நியாயமா?

ப: “இந்தப் பக்கம் வராதே, சட்டையெல்லாம் கிரீஸாகும், போய்ப் படி” என்று விரட்டியது யார்? பையன் சொன்னபடி கேட்டான். இப்போது அவனைக் குற்றம் சொல்கிறோம்.

‘கேட்கப்படாத மகள்’, ஈரோடு
கே: என் அப்பாவும் கடை வைத்திருக்கிறார். அண்ணனிடம் மூன்று முறை கேட்டார். என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ப: கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. மத்திய அரசுக்கு அது தோன்ற 2005 ஆனது. ஆனால் சட்டம் சொத்தில் பங்கு வாங்கித் தரும், கல்லாப் பெட்டி பக்கத்தில் நாற்காலி போடாது. அதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சனிக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். “நீ எதுக்கும்மா இங்க?” என்பார். “சும்மாப்பா” என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பியுங்கள். ஒரு மாதத்தில் அவரே, “அந்த எஸ்.யு. கார்புரேட்டர் ஊசி எங்க இருக்குன்னு பாரு” என்பார். நியமன உத்தரவு இந்தத் தொழிலில் அப்படித்தான் வரும்.

‘ஹெரால்டு வீட்டு மாப்பிள்ளை’, பெரம்பூர்
கே: மாமனார் தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டை எனக்குக் கொடுத்துவிட்டார். நாலு கதவு மாடல். சாமான் கிடைக்குமா?

ப: மாமனார் கெட்டிக்காரர். பாதி சாமான் இங்கிலாந்தில் புத்தம் புதிதாகவே கிடைக்கும். மீதிப் பாதி உலகத்தில் எங்குமே கிடைக்காது, சென்னையைச் சுற்றிச் சில கடைகளின் பரண் தவிர.

விவரம் இதுதான். டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் பிறந்தது. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-லிருந்து அதை இங்கே தயாரித்தது. அதே ஹெரால்டின் அடிப்படையில் டிரையம்ப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரும் செய்தது. 1962 முதல் 1980 வரை ஓடிய அந்த வண்டிமேல் வெள்ளைக்காரர்களுக்கு இன்றும் பைத்தியம். அதனால் இரண்டுக்கும் பொதுவான முன் சஸ்பென்ஷன் சாமான்கள் இன்றும் அங்கே தயாராகின்றன. உங்கள் ஹெரால்டு தங்கச்சியின் அழகால் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் நாலு கதவு ஹெரால்டை வெள்ளைக்காரன் செய்யவே இல்லை. அது மதராஸ் சரக்கு. பின் கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி ஓடும் பீடிங் ரப்பர் இதெல்லாம் லண்டனில் கேட்டால் முழிப்பார்கள். வண்டலூர்க்காரர்கள் 1985-ல் ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வான்கார்டு வழிவந்த 2 லிட்டர் என்ஜினைத் திணித்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று கொண்டுவந்தார்கள். அது விலையில் மட்டும் வேகமாக இருந்தது. 1988-ல் உற்பத்தி நின்றது. அப்போது டீலர்களிடமும் கடைகளிடமும் தங்கிப்போன சாமான்தான் இன்று பரணில் இருப்பது. எனவே இங்கிலாந்தில் கிடைப்பதை நிதானமாக வரவழைத்துக்கொள்ளலாம். இங்கே மட்டும் கிடைப்பதை இந்த மாதமே தேடுங்கள்.

போனஸாக ஒரு தகவல். முன் சக்கரத்தின் அடியில் டிரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். சக்கரம் திரும்புவது அதன் மரையில்தான். அதில் கிரீஸ் கன்னை வைக்கவே வைக்காதீர்கள், இ.பி. 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் ஒழுங்காக இறங்காது, உள்ளே காய்ந்து அரித்து, ஒருநாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அப்புறம் மாமனாரை வேறு மாதிரிச் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

‘சீல் பிரிக்காதவன்’, வேலூர்
கே: நாற்பது வருஷம் முந்தைய பிரேக் சிலிண்டர் கிட், சீல்கூடப் பிரிக்காமல் கிடைத்தது. அதிர்ஷ்டம்தானே?

ப: ஷோ கேஸில் வைப்பதானால் அதிர்ஷ்டம், வண்டியில் வைப்பதானால் தற்கொலை. கண்ணாடி, வார்ப்பிரும்பு, கிரீஸ் தடவிச் சுற்றிய பேரிங் எல்லாம் காலத்தைத் தாங்கும். ரப்பர் தாங்காது, பெட்டிக்குள் இருந்தபடியே இறுகி வெடிக்கும். பழைய ஹோஸ், வாஷர், சீல் எதையும் பிரேக்கில் போடாதீர்கள். நல்ல கடைக்காரர் இதை விற்கவே மாட்டார்.

‘வெள்ளை அம்பாசடர்’, திருச்சி
கே: அம்பாசடருக்குச் சாமான் கிடைக்காத பயம் இல்லையே? தெருவுக்குத் தெரு சாமான் இருக்கிறதே?

ப: இருக்கிறது. உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை வண்டி வந்துகொண்டிருந்ததே. ஆனால் சாமான் தீர்வதற்கு முன்னால் கேட்பவர் தீர்ந்துபோவார். இந்தக் கடைகளுக்குச் சோறு போட்டது உங்களைப் போன்ற ரசிகர் அல்ல, டாக்ஸிக்காரர். அவர் ஓட்டித் தேய்த்துத் தள்ளினார்: கிளட்ச் பிளேட், கிங் பின், வீல் பேரிங் என்று மாதம் ஒன்று வாங்கினார். அந்தத் தேவையை நம்பித்தான் சிறு பட்டறைகள் உற்பத்தி செய்தன. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயில் வரை ஓட்டிவிட்டு மேலே போர்வை போர்த்துகிறீர்கள். எதுவும் தேய்வதில்லை. பம்பாயில் பத்மினி டாக்ஸியின் ஆயுள் 2023 அக்டோபரோடு முடிந்தது. பத்மினி சாமான் செய்கிறவர்கள் இனி யாரை நம்பி அச்சை ஏற்றுவார்கள்? பழைய வண்டியைப் பொத்தி வைப்பவர்கள் கூடக் கூட, அதன் கடைக்காரருக்கு வியாபாரம் குறைகிறது. இந்த விசித்திரம் ரசிகர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

‘ஆர்.டி.ஓ. வாசல்’, விழுப்புரம்
கே: வின்டேஜ் நம்பர் வாங்கினால் என்ன லாபம்?

ப: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு இதற்கு மட்டும். அதாவது வண்டி இன்னும் குறைவாகத் தேயும். கடைக்காரரிடம் இந்த நல்ல செய்தியைச் சொல்ல வேண்டாம்.

‘பேரம் பேசாதவன்’ (என்று சொல்லிக்கொள்பவர்), அண்ணா நகர்
கே: ஒரு சின்ன டோர் ஹேண்டிலுக்கு 4,000 ரூபாய் கேட்கிறார். அநியாயம் இல்லையா?

ப: உங்கள் வண்டிக்குப் பெயின்ட் அடிக்க எத்தனை லட்சம் ஆனது? அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்களே. அந்த ஹேண்டில் நீங்கள் வருவீர்கள் என்று உங்களுக்காகவே இத்தனை காலம் காத்திருந்தது. காத்திருந்த கூலியைத்தான் கேட்கிறார்.

‘முப்பரிமாணம்’, கிண்டி
கே: 3டி பிரின்டிங் வந்துவிட்டது. எந்தச் சாமானையும் அச்சடித்துக்கொள்ளலாம். இனி கடை எதற்கு?

ப: உண்மைதான். மொத்தம் 292 மட்டுமே செய்த 959 மாடலுக்குக் கிளட்ச் ரிலீஸ் லீவரை அப்படித்தான் செய்வதாக போர்ஷே கம்பெனி 2018-ல் அறிவித்தது. அமெரிக்க டி.வி. தொகுப்பாளர் ஜே லெனோ 1907-ஆம் ஆண்டு நீராவிக் காருக்கே ஸ்கேன் எடுத்துச் சாமான் செய்தார். நம்மூர் லேத்துக்காரர் இதையே சாம்பிளைக் கண்ணால் ஸ்கேன் பண்ணி ரொம்ப நாளாகச் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் மூன்று பேருக்குமே ஒன்று வேண்டும்: உடையாத, தேயாத ஒரு சாம்பிள், அல்லது அதன் வரைபடம். போர்ஷேயிடம் வரைபடம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு? பெரியவர் கடை மூன்றாம் தட்டு, இடது ஓரம்.

‘கல்லாவின் வாரிசு’, மதுரை
கே: அப்பா காலமாகிவிட்டார். கடை நிறைய சாமான், எது என்னவென்று எனக்குத் தெரியாது. பழைய இரும்புக்காரர் மொத்தமாக எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடவா?

ப: கொடுக்காதீர்கள். குறைந்தது ஆறு மாதத்துக்கு அவர் போனை எடுக்காதீர்கள்.

ஒரு பிஸ்டன் செட் இருக்கிறது என்று வையுங்கள். எடைக்குப் போட்டால் அலுமினியம். அதே பிஸ்டனின் தலையைத் துடைத்துப் பாருங்கள், 20, 30, 40 என்று ஏதாவது பொறித்திருக்கும். அது ஓவர்சைஸ், இஞ்சில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. சிலிண்டரை ரீபோர் செய்துவிட்டுச் சரியாக அந்த 40-க்காகவே அலைபவர் ஒருவர் எங்கோ இருப்பார். அவருக்கு அது அலுமினியம் அல்ல. எந்த வண்டி, என்ன சைஸ் என்ற இரண்டு வரி தெரிந்தால் விலை பல மடங்கு. தெரியாவிட்டால் கிலோ கணக்கு.

அந்த இரண்டு வரி யாருக்குத் தெரியும்? உங்களுக்கு வேண்டாம், கடையில் அத்தனை வருஷம் ஏணியில் ஏறி சாமான் எடுத்துக் கொடுத்தாரே, அவரைக் கூப்பிடுங்கள். அவருக்குச் சம்பளம் கொடுங்கள், சும்மா “வந்து பாருங்கண்ணே” என்று காபியோடு முடித்துவிடாதீர்கள். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து, வெர்னியரில் அளந்து, பார்ட் நம்பரோடு எழுதுங்கள். கிழிந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், நம்பர் அதில்தான் இருக்கும். அப்பாவின் பழைய பில் புத்தகங்களையும் கம்பெனி கேட்டலாக்குகளையும் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள்.

அப்புறம் விற்பது. வின்டேஜ் கார் சங்கத்து ஆட்கள் வருவார்கள், இனிக்க இனிக்கப் பேசுவார்கள். ஹெட்லைட், மீட்டர், சின்னம் என்று பளபளப்பதை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். வண்டி வாரியாகப் பிரித்து, மோரிஸ் என்றால் மோரிஸ் மொத்தமும் என்று கொடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு அப்பா பெயரில் இருந்திருக்கும், விற்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

‘வாய் திறக்காத அப்பாவின் மகன்’, சேலம்
கே: அந்த நோட்டுப் புத்தக வேலையை அப்பா இருக்கும்போதே செய்யலாம் என்றால், அவர் எதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ப: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எது எதற்குச் சேரும் என்பதை எழுதி வைத்துவிட்டால் அவர் இல்லாமலே கடை நடக்கும். அந்த வயதில் யாருக்கு அது பிடிக்கும்? பட்டியல் போடுகிறேன் என்று உட்காராதீர்கள். ஒரு சாமானைத் தப்பான பெயர் சொல்லி அவர் காதுபட இன்னொருவரிடம் விளக்குங்கள். தாங்க மாட்டார். முழு விவரமும் கொட்டும்.

‘யாழ்ப்பாணத்தான்’, டொராண்டோ
கே: எங்கட ஊரில் கடையும் இல்லை, சாமானும் வரவில்லை. ஆனாலும் ஆஸ்டின் ஏ-40 கார்கள் ஓடினதே. அதைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா?

ப: ஒரு வரி போதாது. 1990-களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோலே அரிதான ஊர் அது. கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். ஆஸ்டினைச் செய்தவர்கள் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். அங்கே கடைக்காரரின் இடத்தில் மெக்கானிக் நின்றார். தென்னிலங்கையிலும் ஒரு கதை உண்டு: இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே கடை நடத்திய சார்லஸ் வேர், அதற்கான சாமான்களை இலங்கையில் ஒரு சிறு பட்டறையில் செய்வித்து வரவழைத்தார். பிறந்த ஊர் செய்வதை நிறுத்திய சாமானை, அனுபவித்த ஊர் செய்து அனுப்பியது.

‘மாருதி மாமி’, மாம்பலம்
கே: எங்கள் வீட்டுக்காரர் மாருதி 800-ஐ விற்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார். அது எப்போது வின்டேஜ் ஆகும்?

ப: முதல் வண்டி 1983 டிசம்பரில் கைமாறியது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் என்றாலும் 2033 டிசம்பர். உங்கள் வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவுத் தேதியைப் பார்த்து 50 கூட்டிக்கொள்ளுங்கள். அதுவரை அவரோடு சண்டை போடுவதை விட, டெயில் லாம்ப் கண்ணாடி ஒரு ஜோடி, கதவுக் கைப்பிடி நாலு, டேஷ்போர்டு ஸ்விட்சு கொஞ்சம் இப்போதே சல்லிசாக வாங்கிப் பரணில் போடுங்கள். எது எந்தப் பக்கத்துக்கு என்று மறக்காமல் எழுதி ஒட்டுங்கள்.